பை பீடத்துக்கு வரும்வரை

காணிக்கைப் பாட்டுக்கு மூன்று சரணம் போதும் என்று குருவானவர் சொல்லியிருப்பார். அன்றைக்குப் பார்த்துப் பின்வரிசையில் பை நகராது. கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் என் கண் முழுக்க அந்தப் பையின் மேல்தான். வரவில்லையா, பல்லவியைத் திரும்ப எடுப்பேன். வந்துவிட்டால் அப்படியே இறக்கி முடிப்பேன். திருவிருந்து ஞாயிறு என்றால் வரிசை எவ்வளவு நீளும் என்று யாருக்குத் தெரியும்? பென் டிரைவில் ஓடும் டிராக்குக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

டிராக் வந்து ஆராதனையைக் கெடுத்துவிட்டது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். கதை பழையது. இங்கிலாந்துக் கிராமக் கோயில்களில் ஃபிடிலும் பஸூனும் வாசித்த ஊர்க்காரர்களை 19ஆம் நூற்றாண்டில் ஓரங்கட்டியவற்றில் பேரல் ஆர்கனும் ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் உருளையில் அடித்திருக்கும் ஊசிகள் மெட்டை வாசித்துவிடும். உருளையில் இல்லாத பாட்டு வாசிக்காது. கத்தோலிக்கத் திருச்சபையோ, வழிபாட்டில் கிராமபோனும் டேப் ரெக்கார்டரும் கூடாது என்று 1958இலேயே எழுதிவைத்தது. பாட்டுச் சொல்லிக்கொடுக்க விட்டுக்கொடுத்தது.

நம் கீர்த்தனைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த பாட்டுகள் அவை. புத்தகத்தில் ஒவ்வொன்றின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஏழு எண்ணிக்கையில் போகும் சாபு தாளப் பாட்டை நாலு நாலாக அடிக்கும் ரிதத்துக்குள் திணித்து டிராக் பண்ணினால் என்ன ஆகும்? பெண்கள் பக்கம் வழக்கம்போல் சொல்லை நீட்டுவார்கள். டிராக் அடுத்த அடிக்குப் போயிருக்கும். துரத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவது சரணத்தில் சபை பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பிக்கும். எனக்கு ஆற்றாமை அங்கேதான். சுருதியும் அப்படியே. காலை ஆராதனையில் தொண்டை எழும்பாது. முதல் வரியிலேயே அது காதில் விழும், அடுத்த சரணத்துக்குள் அரைக்கட்டை இறக்கிவிடுவேன். டிராக்கையும் இறக்கலாம், பாட்டுத் தொடங்குமுன்.

வாசிக்க ஆளே இல்லாத கிராமத்துச் சபை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை பாட்டுப் பழக டிராக்கைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜால்ராவும், பாட்டை எடுத்துக்கொடுக்கத் தெரிந்த ஒரு தொண்டையும் போதும். அவ்வளவு செலவு பண்ணி ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கிப் போட்டிருக்கிறோமே என்று கமிட்டியில் யாராவது எழும்புவார். பிரசங்கத்துக்கு அது வேண்டியிருக்கும்.