மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம்: ஓராண்டு முன்பே தொடங்குங்கள்

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மாலைப் பூசை முடிந்து உண்டியல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தாயும் மகளும் ஆலய அலுவலகத்துக்கு வந்தனர். மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகளாக ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். செப்டம்பர் இறுதியில் வகுப்பு தொடங்குகிறது. "எப்படியாவது உதவி செய்யுங்கள், ஐயா" என்றார் தாய். நம் கல்வி நிதியில் அன்று இருந்த தொகை, கேட்ட கட்டணத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

எனக்கு வருத்தம் தந்தது அதுவன்று. பிரிட்டிஷ் அரசாங்கம் 1983 முதல் செவனிங் என்னும் உபகாரச் சம்பளத்தை வழங்கிவருகிறது. இவரைப் போன்றவர்களுக்கென்றே ஏற்பட்டது அது. ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு ஆகியவற்றைப் பொதுவாக அதுவே ஏற்றுக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டாண்டு வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கேட்கிறார்கள். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெண்ணிடம் தகுதி இருந்தது. ஆனால் அந்த மனு ஆகஸ்டில் திறந்து அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடப்படுவது வழக்கம். படிப்பு தொடங்குவதோ அதற்கு அடுத்த ஆண்டு. அவர்கள் எங்களிடம் வந்தபோது அவருடைய ஆண்டுக்கான மனு முடிந்து ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. "இடம் கிடைக்கட்டும், பிறகு பணம் தேடலாம் என்று இருந்துவிட்டோம்" என்றார் மகள். மனுச் செய்யும்போது இடம் கையில் இருக்கவேண்டியதில்லை, விரும்பும் மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு பாரம் வாங்கி நிரப்பிப் பழகியவர்கள் நாம். பட்ட மேற்படிப்பில் அந்த வரிசை தலைகீழ். ஜப்பானிய அரசாங்கம் ஆராய்ச்சி மாணவர்களுக்கு 1954 முதல் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. தூதரகத்தின் வழியாக மனுச் செய்வதானால் ஏப்ரல், மே மாதங்களிலேயே அறிவிப்பைக் கவனிக்கவேண்டும். புறப்படுவது பெரும்பாலும் மறு ஆண்டு. வயது 35-க்குள் இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் சனவரி வரை மனு எடுக்கிறார்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கவேண்டும். சம்பளம் கிடைத்தவர்களுக்கு மாதம் 1,400 யூரோ. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட மனுக்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடப்படுகின்றன. ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகையால் அதை முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பலரும் அறியாத இன்னொரு வாசல் உண்டு. முதுகலை, முனைவர் ஆராய்ச்சிக்கான பணத்தில் பெரும்பகுதி உபகாரச் சம்பளம் என்ற பெயரில் வருவதில்லை. பேராசிரியர் பெற்றிருக்கும் ஆராய்ச்சி மானியத்துக்குள் அது இருக்கிறது. நம் நாட்டில் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற மானியம் பெற்ற விரிவுரையாளர், ஆராய்ச்சி உதவியாளராக ஒரு மாணவரை அமர்த்தி மாதாமாதம் படி கொடுக்க முடியும். இந்த வேலைகள் நாளிதழில் விளம்பரமாக வருவது அரிது. துறையின் அறிவிப்புப் பலகையிலும் விரிவுரையாளரின் வாய்ச்சொல்லிலும் முடிந்துவிடும். எனவே அவருடைய அண்மைக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, தமக்கு என்ன செய்யத் தெரியும் என்பதைப் பத்து வரிகளில் எழுதிக் கேட்கவேண்டும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பதும் குப்பைக்குத்தான் போகும். அமெரிக்காவிலும் இதே முறைதான். அங்கே முதுகலைக்குச் செலவு அதிகம். ஆனால் அறிவியல், பொறியியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்படுபவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டண விலக்கும், கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் ஊதியமும் கிடைக்கின்றன. பல துறைகளில் இளங்கலைப் பட்டத்தோடு நேராகவே முனைவர் படிப்புக்கு மனுச் செய்யலாம். செர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால்தான் விசா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. ஆசிரியனாக இருந்த காலத்தில் நூற்றுக்கணக்கில் எழுதியவன். 'ஒழுக்கமானவர், பணிவானவர், கோயில் தொண்டில் ஆர்வமுள்ளவர்' என்று நான் எழுதியதெல்லாம் பள்ளி அளவுக்குச் சரி. மேற்படிப்புக்கு அது உதவாது. ஆலயத் தலைவரின் கடிதமும் அப்படியே. மாணவரின் ஆய்வேட்டை மேற்பார்த்த விரிவுரையாளர், அவர் எந்தச் சோதனையை எப்படிச் செய்தார், எங்கே தவறி எப்படித் திருத்திக்கொண்டார் என்று எழுதுவதற்குத்தான் மதிப்பு. அவருக்கும் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுக்கவேண்டும்.

ஆராய்ச்சித் திட்டம் எழுதும் இடத்தில் நம் பிள்ளைகள் குடும்பக் கஷ்டத்தை எழுதிவிடுகிறார்கள். தந்தை லாரி ஓட்டுநர், வீட்டில் ஐந்து பேர் என்பதெல்லாம் உண்மை. உள்ளூர் உதவி நிதிகள் அதைக் கேட்கும், அங்கே எழுதலாம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் கேட்பது வேறு: எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், எத்தனை மாதத்தில் எதை முடிப்பீர்கள்? இரண்டையும் கலந்து எழுதிய நல்ல மனுக்கள் தோற்றதைக் கண்டிருக்கிறேன்.

கையெழுத்திடும் முன் பிணை ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படிக்கவேண்டும். எத்தனை ஆண்டு வேலை செய்யவேண்டும், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்பவை அதில் இருக்கும். சில ஒப்பந்தங்களுக்கு ஜாமீன் கேட்பார்கள். உறவினரிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு முகம் முறிந்த குடும்பங்கள் நம் ஊரில் சிலவல்ல. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளவேண்டும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மாணவரின் முழுக் கட்டணத்தையும் நாம் கட்ட முடியாது. ஆனால் மனு வாசலிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழக மனுக் கட்டணம், சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய நகல், நேர்காணலுக்குக் கோலாலம்பூர் போய்வரும் பேருந்துச் செலவு. உபகாரச் சம்பளம் கிடைத்த பின்னும் முதல் மாதத் தொகை கைக்கு வரும்வரை செலவுக்குப் பணம் வேண்டும். கட்டணத்தில் ஒரு துளியைக் கட்டித் தீர்ந்துபோகும் அதே தொகை, இந்த இடங்களில் ஏழெட்டுப் பேருக்குப் போதும். கல்வி நிதிக்கு உபயம் தருபவர்கள், 'மனுச் செலவுக்கு' என்று இரசீதில் குறிக்கச் சொன்னால் அதைத் தனிக் கணக்கில் வைக்கச் செயலவை இசைந்துள்ளது.

அந்தப் பெண்ணுக்கு அன்று பண உதவி எதுவும் செய்யவில்லை. படிப்பை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி கேட்டு எழுதச் சொன்னோம், பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. செவனிங் மனுவை நான்கு முறை திருத்தி எழுதி, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பினார். முடிவு இவ்விதழ் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. மனு எழுதுபவர்களுக்கு உதவ நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் சனிக்கிழமைதோறும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை ஆலய மண்டபத்துப் பின்னறையில் இருக்கிறோம். கையெழுத்துப் படியாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்.