பிக்-அப்பைத் தூக்கி பெரிய டயர் மாட்டணுமா? ஸ்பானருக்கு முன்னாடி கால்குலேட்டரை எடுங்க!

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும். இடுப்பளவு டயரோடு ஒரு பிக்-அப், ஆற்று மணலைக் கிழித்துக்கொண்டு கேமராவைத் தாண்டிப் போகும். அதைப் பார்த்த மகனுக்கு, வாசலில் நிற்கும் அப்பாவின் செகண்ட் ஹேண்ட் வி-கிராஸ் சட்டென்று குள்ளமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அடுத்த கேள்வி, 'கம்மி செலவுல தூக்கிடலாமாப்பா?'

தூக்கலாம். ஆனால், எதைத் தூக்குகிறோம் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

இருப்பதிலேயே மலிவானது ஸ்பேசர். முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையத்தைச் செருகி, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு உலோகக் கட்டையை வைத்து, நீளமான யு-போல்ட் போட்டு இறுக்குவார்கள். சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும். இன்னொன்று பாடி லிஃப்ட். சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையில் கட்டை வைப்பது. பார்க்க உயரமாக இருக்கும், அவ்வளவுதான். சேஸிஸும் அதற்குக் கீழே இருப்பவையும் பழைய உயரத்திலேயே நிற்கும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், மேல் கன்ட்ரோல் ஆர்ம் எல்லாவற்றையும் மாற்றும் முழு கிட் நல்லதுதான். ஆனால், பட்ஜெட் என்ற வார்த்தையை அதோடு மறந்துவிட வேண்டும்.

கல்லும் முள்ளுமான பாதையில் முதலில் இடிபடுவது பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. எந்த லிஃப்ட்டும் அதை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே தூக்காது! அதைத் தூக்குவது டயர் மட்டுமே. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கொடுப்பதே லிஃப்ட்டின் முக்கிய வேலை.

சரி, எவ்வளவு தூக்கும்? 245/70 ஆர்16 டயரின் உயரம் சுமார் 749 மி.மீ. அதே 16 இன்ச் வீலில் 265/75 மாட்டினால் சுமார் 804. வித்தியாசம் 55 மி.மீ. அதில் பாதி டயரின் மேல்பக்கம் போய்விடுவதால், தரையிலிருந்து கூடுதலாகக் கிடைப்பது சுமார் 27 மி.மீ. இவ்வளவு செலவும் கட்டைவிரல் அகலத்தைவிட சற்றே கூடுதலான உயரத்துக்குத்தான்.

விலை அத்தோடு முடிவதில்லை. ஸ்பீடோ மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-ல் போய்க்கொண்டிருக்கும். டயர் பெரிதாகிவிட்டதால் முதல் கியருக்கு இழுவை குறைந்து, லோடோடு மேடேறும்போது கிளட்ச் வாடை வரும். இறக்கத்தில் இன்னும் சிக்கல். பிரேக் பழையது, அது நிறுத்த வேண்டிய சக்கரமோ பெரியது, கனமானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தோடு இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும். வண்டியின் எடை மேலே ஏறியிருப்பதால், வேகமான திருப்பத்தில் கவிழும் ஆபத்தும் கூடும்.

ஸ்பேசரில் ஒரு கண்ணி உண்டு. ஸ்ட்ரட்டுக்கு மேலே 1 இன்ச் வளையம் வைத்தால், வண்டி ஏறக்குறைய 2 இன்ச் ஏறிவிடும். 'இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே' என்று கேட்டால் சி.வி. ஜாயின்ட் அதிகமாக மடங்கி, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போகும். பின்பக்கம் ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டையை அடுக்குவது அதைவிட மோசம். முன்பக்கத்தை மட்டும் எகிறவைத்து ஓட்டும் ஃபேஷன் அமெரிக்காவிலும் இருந்தது. முன்னால் வருவது தெரியாது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். வடக்கு கரோலினா மாநிலம் 2021-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும். லிஃப்ட் கிட் விற்கிறவர்கள் இதையெல்லாம் பில்லில் எழுதித் தருவதில்லை.

அப்படியானால் குறைந்த காசில் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன? பழைய டயர் தேய்ந்ததும், கம்பெனி சொன்ன அதே அளவில் ஆல்-டெரைன் டயர் மாட்டுவது. அல்லது, அதே மாடலின் உயர் வேரியன்ட்டுக்கு கம்பெனியே தரும் அளவு. தோட்டத்துப் பாதைக்கும் சேற்றுக்கும் பலருக்கு அதுவே போதும். மணலில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பிடி இன்னும் கூடும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதால் நான்கு இல்லை, ஐந்து டயருக்குக் கணக்குப் போடுங்கள். வேறு அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவில் ஓட்டினால் கியர்பாக்ஸ் பக்கம் செலவு வரும்.

ஏற்கெனவே கட்டை வைத்துத் தூக்கிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் முதல் வேலையாக யு-போல்ட் நட்டுகளை டார்க் ரென்ச்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட். அன்று ராத்திரியே ஒரு சுவர் முன்னால் வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பாருங்கள். எதிரே டி.வி.எஸ் எக்ஸ்.எல்-லில் வருகிறவரின் கண் உயரத்தில் விழுந்தால், உடனே இறக்கிவிடுங்கள்.