பழைய த்ரீ நாட் த்ரீக்குப் புதுத் தோட்டா

கருவூல வாசலில் பாரா நிற்கும் காவலரின் தோளில் மரக்கட்டை போட்ட நீள ரைபிள் ஒன்று தொங்கியதுண்டு. ஊர்ப் பேச்சில் அது ‘த்ரீ நாட் த்ரீ’. முறையான பெயர் லீ என்ஃபீல்ட். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடை கொடுத்தது. அது சுடும் .303 தோட்டா பிரிட்டிஷ் படைக்கு வந்ததோ 1888-இல்.

படைகள் கைவிட்ட பிறகும் இந்தத் தோட்டாவின் ஆயுள் முடியவில்லை. உபரியான ரைபிள்கள் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பொதுமக்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் இன்றும் அவை பயன்படுகின்றன. அந்த ரைபிள்களை வைத்திருப்பவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, மறுபடி வெடிமருந்து நிரப்பிப் புதுத் தோட்டா ஆக்கிக்கொள்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்று இதற்குப் பெயர். அங்கெல்லாம் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் கதை வேறு: .303 ராணுவ ரகத் தோட்டா. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை செய்முறை அல்ல. ஒரு பழைய பொருளின் உள்விவகாரத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சி.

படையின் தேவை வேறு

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும்தான். மற்ற மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிது.

படைக்கு அந்தக் கூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. எந்தத் தொழிற்சாலையில் செய்த தோட்டாவானாலும், எந்தச் சிப்பாயின் ரைபிளிலும், சேறும் மணலும் புகுந்திருந்தாலும் நுழைய வேண்டும்; ஒரு முறை வெடிக்க வேண்டும்; கூடு சிக்காமல் வெளியே விழ வேண்டும். அதனால் லீ என்ஃபீல்டின் தோட்டா அறையைத் தாராளமாகவே குடைந்தார்கள். ரெடிமேட் சட்டை எல்லோருக்கும் கொஞ்சம் தொளதொளப்பாக இருப்பது போல.

வீட்டில் தோட்டா நிரப்புபவரின் தேவை நேர் எதிர். அவருக்குத் தன்னிடம் உள்ள ஒரே ரைபிளில் தோட்டா சரியாக உட்கார்ந்தால் போதும். ஆனால் அதே கூடு ஐந்து முறை, பத்து முறை தாங்க வேண்டும். .303-இல் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு தேவைகளும் மோதும் இடத்தில்தான் பிறக்கின்றன.

விளிம்பில் தொடங்கும் விரிசல்

.303 கூட்டின் அடியில் தட்டின் விளிம்பு போல ஒரு வளையம் துருத்திக்கொண்டிருக்கும். தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை முடிவு செய்வது அந்த விளிம்புதான். அது குழலின் பின்முகத்தில் தட்டி நின்றுவிடும். முன்னால் கூடு கழுத்தாகக் குறுகும் தோள்பட்டைக்கும் அறைச் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் ரைபிள் சுட்டுவிடும்.

சுடும்போது என்ன ஆகிறது? அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய முன்பகுதி அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. தடித்த அடிப்பகுதியோ பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில், அடியிலிருந்து சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலிகிறது. லீ என்ஃபீல்டில் அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட், தன் பின்பக்கமாகப் பூட்டிக்கொள்ளும் வகை. அழுத்தத்தில் அது சற்று அமுங்கிக் கொடுப்பதால் இழுபடல் இன்னும் கூடுகிறது.

இப்படி நீண்ட கூட்டை அச்சில் முழுவதுமாக அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த முறை மறுபடி நீளும். ஒரே கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தினால் ஒடிவது போல, சில சுற்றுகளில் கூடு இரண்டாக அறுந்துவிடும். முன்பாதி அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்; சூடான வாயு பின்பக்கம் சீறக்கூடும்.

அனுபவசாலிகள் கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்குவதற்குக் காரணம் இதுதான். குண்டைப் பிடித்துக்கொள்ளக் கழுத்து இறுகினால் போதும். உடல் பகுதி முதல் சூட்டில் அந்த அறையின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புதுக் கூட்டை முதல்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் சிறிய ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவதும் உண்டு. அது கூட்டைப் பின்னால் போல்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, நீட்சி அடியில் நிகழாமல் தோள்பட்டைப் பக்கம் நிகழும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் சோதனை உண்டு. நுனி வளைந்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டுச் சுவரை மேலிருந்து கீழாக வருடுவார்கள். எங்காவது பள்ளத்தில் விழுவது போலக் கம்பி தட்டினால், கூடு குப்பைக்குப் போகும். இரண்டாம் உலகப் போர்க்கால நான்காம் எண் லீ என்ஃபீல்ட் ரைபிளில் தொளதொளப்பைக் குறைக்க வேறு வழியும் இருந்தது: 0 முதல் 3 வரை எண்ணிட்ட, வெவ்வேறு நீளமுள்ள போல்ட் தலைகள். தேய்ந்த ரைபிளுக்கு நீளமான தலையை மாட்டுவார்கள்.

பிரைமரில் ஒரு முரண்

பிரைமரில் இரண்டு குலங்கள் உண்டு. இரண்டும் 1860-களில் பிறந்தவை. வூல்விச் ராயல் லேபரட்டரியின் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்ததில், பொறி புகும் துளை கூட்டின் அடியில் நடுவே ஒன்றுதான். உள்ளிருந்து ஓர் ஊசியால் தள்ளினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் வடிவமைத்ததில், நடுவில் பித்தளை மேடு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள். ஊசி அங்கே செல்லாது. பிரிட்டிஷ் படை அமெரிக்கரின் முறையை எடுத்துக்கொண்டது. அமெரிக்கர்கள் பிரிட்டிஷ்காரரின் முறைக்கு மாறிக்கொண்டார்கள்! இதனால் பழைய ராணுவ .303 கூடுகள் மறுபயன்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. பொதுச் சந்தைக்காகச் செய்த பாக்ஸர் வகைக் கூடுகளையே தேடுகிறார்கள்.

பழைய ராணுவப் பிரைமருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் சிப்பாய்கள் சுட்டதும் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள்.

பெயர் 303, குண்டு 311

.303 அங்குலம் என்பது குழலின் உட்புற மேடுகளுக்கு இடையே உள்ள அளவு. மேடுகளுக்கு நடுவே ஓடும் முறுக்குப் பள்ளங்கள் வரை நிரப்பினால்தான் குண்டு சுழன்றுகொண்டு போகும். எனவே குண்டின் பருமன் 0.311 அல்லது 0.312 அங்குலம். அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் 0.308 அங்குலக் குண்டு இதில் தளர்ந்து தள்ளாடும். போர்க்கால அவசரத்தில் கடைந்த குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால், மென்மையான ஈயத்துண்டைக் குழல் வழியே தள்ளி, அதில் பதியும் தடத்தை அளந்து பார்த்துவிட்டே குண்டு வாங்குவார்கள்.

மருந்தும் பொறுமையும்

1888-இல் .303-க்குள் இருந்தது கரிமருந்து. சில ஆண்டுகளில், ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டூவரும் உருவாக்கிய புகை குறைந்த கார்டைட் அதன் இடத்தைப் பிடித்தது. கார்டைட் சேமியா போன்ற நீள இழைகள். கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே இழைக்கட்டை உள்ளே வைத்து, பிறகு கழுத்தை வடிப்பார்கள். அது எரியும் சூட்டில் அன்றைய லீ மெட்ஃபோர்ட் ரைபிள் குழலின் ஆழமில்லாத பள்ளங்கள் விரைவில் தேய்ந்தன. ஆழமான என்ஃபீல்ட் பள்ளங்கள் வந்தன. லீ மெட்ஃபோர்ட் 1895-இல் லீ என்ஃபீல்ட் ஆன கதை இதுதான்.

இன்று நிரப்புவது சிறுமணிகளாக உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருந்து நிறுவனங்களே சோதித்துக் கையேடாக வெளியிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவும் உச்ச அளவும் இருக்கும். எடை கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் 0.065 கிராம். தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறுசிறு படிகளாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்கள் செய்து, 100 கஜத்தில் தாளில் சுட்டுப் பார்ப்பார்கள். துளைகள் எந்த அளவில் நெருங்கி விழுகின்றனவோ, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உச்சம்வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

.303-க்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 3,650 பார், இன்றைய .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 4,150 பார். பழைய ரைபிளைப் புதியதோடு ஓடவிட்டால் தோற்பது பித்தளைக் கூடுதான். இன்னொன்றும் உண்டு: 1910-இல் வந்த ‘மார்க் 7’ ரக .303 தோட்டா, 174 கிரெயின் குண்டை நொடிக்கு சுமார் 2,440 அடி வேகத்தில் அனுப்பியது. அந்தத் தோட்டாவுக்கான ரைபிள்களின் குறிபார்க்கும் பலகையில் உள்ள கஜ எண்களைச் செதுக்கியது அந்த வேகத்துக்காகத்தான். வேகத்தைக் கூட்டினால் அந்த எண்கள் பொய்யாகிவிடும்.

மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கலாம் என்பது எழுதப்படாத விதி. நிரப்பிய கூடுகளை வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்தபிறகே குண்டைச் செருகுவார்கள். ஒன்றில் இரட்டை அளவு விழுந்திருந்தால் ரைபிளும் மிஞ்சாது, கையும் மிஞ்சாது.

முடிவில் பெட்டியை மூடி, மேலே ரைபிளின் வரிசை எண்ணை எழுதிவைப்பார்கள். கழுத்து மட்டும் இறுக்கிய அந்தத் தோட்டா, அதே தொழிற்சாலையில் அதே ஆண்டு செய்த வேறொரு லீ என்ஃபீல்டில் நுழையாமல் முரண்டு பிடிக்கலாம். படை அதை வாங்கியே இருக்காது.