உங்களுக்குத் தெரியுமா? தெருச் சறுக்கலைத் தேடி வந்த பெருநிறுவனங்கள்

படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் சுவர் விளிம்புகளிலும் இன்லைன் ஸ்கேட்டில் (ஒரே வரிசையில் சக்கரங்கள் கொண்ட காலணியில்) சறுக்கும் சாகசம், 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்கள் தெருவிலேயே வளர்த்துக்கொண்டது. 1995இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி ரோட் ஐலண்டில் நடத்திய ‘எக்ஸ்ட்ரீம் கேம்ஸ்’ அதையும் தன் போட்டிகளில் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அதன் பெயர் ‘எக்ஸ் கேம்ஸ்’ ஆயிற்று. மவுண்டன் டியூ போன்ற குளிர்பானங்கள் விளம்பரதாரர்களாக வந்தன. பானத்தோடு சேர்த்து விற்கப்பட்டது இளைஞரின் துணிச்சல்தான். ஸ்கேட்டர்களும் சும்மா இருக்கவில்லை: ‘செனட்’ என்ற சொந்த நிறுவனம் தொடங்கிச் சக்கரங்களும் சட்டைகளும் விற்றனர். 2000க்குப் பின் இன்லைன் ஸ்கேட் விற்பனை சரிந்தது. 2005இல் எக்ஸ் கேம்ஸ் இன்லைன் போட்டிப் பிரிவையே கைவிட்டது. பணம் ஸ்கேட்போர்டின் பக்கம் சாய்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்ததும் அதுவே. இன்லைன் ஸ்கேட்டர்களோ சிறு நிறுவனங்களையும் தாங்களே எடுத்த காணொளிகளையும் நம்பி ஆட்டத்தைத் தொடர்ந்தனர்.