கடற்கரையற்ற எண்ணெய் வயல்களின் வெளியேறும் வழிகள்: அசாம், பார்மர் பகுதிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கடற்கரையற்ற உற்பத்திப் பகுதியில் கிடைக்கும் எண்ணெயின் மதிப்பு, நிலத்தடி இருப்பை மட்டும் பொறுத்ததன்று. அது சந்தையைச் சென்றடையும் வழியையும், அவ்வழி யார் கையில் உள்ளது என்பதையும் பொறுத்தது. அசாம், இராசத்தானின் பார்மர் ஆகிய இரு பகுதிகளின் குழாய்வழி வரலாற்றைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது. எண்ணெயை வெளியேற்ற அமைந்த வழிகள் காலப்போக்கில் எண்ணெயை உள்ளே கொண்டுவரும் வழிகளாக மாறிவருவதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கச்சா எண்ணெய், குழாய்வழி, அசாம், பார்மர், சுத்திகரிப்பு ஆலை, காசுப்பியன்

முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், அவற்றுக்குத் தெற்கே ஒரகடம் என நீளும் தொழில் வட்டாரத்துக்குக் கடற்கரை இல்லை. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010 முதல் ஒரகடத்திலும் உற்பத்தியாகும் கார்களில் ஒரு பகுதி, சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் வழியாகவே அயல்நாடு செல்கிறது. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றில் தூண்கள் அமைப்பது குறித்த சிக்கலால் 2012இல் பணி நின்றது. 2022இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் ஏற்றுமதி நின்றுவிடவில்லை. நகருக்குள் கனரக வாகனங்களுக்குரிய நேரக் கட்டுப்பாட்டை அனுசரித்தும், எண்ணூர் நோக்கித் திரும்பியும் சரக்கு வெளியேறிற்று. செலவும் காத்திருப்பும் கூடினவேயன்றி வழி அடைபடவில்லை.

கச்சா எண்ணெய்க்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. ஒரு வயலின் முழு உற்பத்தியையும் டேங்கர் லாரியில் நெடுந்தொலைவு கொண்டுசெல்வது கட்டுபடியாவதில்லை, குழாய் வேண்டும். குழாயோ பதித்த இடத்திலேயே கிடப்பது. பெரும் முதலை விழுங்கிய பின், விற்பவரையும் வாங்குபவரையும் இடையிலுள்ள நிலத்துக்குரியவரையும் பல பத்தாண்டுகளுக்குப் பிணைத்துவிடுகிறது. தண்டலத்திலிருந்து புறப்படும் லாரி மதுரவாயலில் நெரிசல் என்றால் வேறு சாலையில் திரும்பலாம். மேல் அசாமில் புறப்படும் எண்ணெய் அவ்வாறு திரும்ப இயலாது. இந்த வேறுபாட்டின் விளைவுகளை இந்தியாவில் மிக நீண்ட காலம் கண்ட பகுதி அசாம் ஆகும்.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவை. ‘ஏற்றுமதி’ என்பது பொதுவாக நாட்டின் எல்லையைக் கடப்பதைக் குறிக்கும். அசாம் எண்ணெய் பெரும்பாலும் நாட்டு எல்லைக்குள்ளேயே சென்றது. ஆயினும் உற்பத்திப் பகுதியின் நோக்கில் அதுவும் வெளியேற்றமே. அசாமின் அரசியலில் அது அவ்வாறே புரிந்துகொள்ளப்பட்டது.

துறைமுகத்தை இழந்த வயல்

திக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1901இல் அங்குச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. மேல் அசாம் அக்காலத்தில் முற்றிலும் வழியற்ற பகுதியாக இருக்கவில்லை. பிரம்மபுத்திராவில் நீராவிக் கப்பல்கள் ஓடின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாம்–வங்காள இருப்புப்பாதை மேல் அசாமைச் சிட்டகாங் துறைமுகத்துடன் இணைத்தது. தேயிலையும் எண்ணெய்ப் பொருள்களும் கடலை அடைய இயல்பான வழி தெற்கு நோக்கியதாகவே இருந்தது.

1947இல் சிட்டகாங் கிழக்குப் பாகிசுத்தானின் துறைமுகமாயிற்று. அசாமின் நிலவியல் மாறவில்லை. வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு அதனைக் கடலிலிருந்து வெகுதொலைவுக்குத் தள்ளிவிட்டது. எஞ்சிய ஒரே நிலவழி, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கி.மீ. அகலமே உடைய சிலிகுரிப் பகுதி. அதன் வழியே புதிய இருப்புப்பாதை இணைப்பு 1950இல் நிறைவேறிற்று. கடலற்ற நிலை இயற்கையின் கொடை என்று எண்ணும் பொதுப்பார்வைக்கு அசாம் ஒரு மறுப்பு. அரசியல் எல்லையாலும் ஒரு பகுதி கடலற்றதாகலாம்.

ஆலை எந்த முனையில்?

1953இல் நஹர்கட்டியாவிலும் தொடர்ந்து மோரானிலும் புதிய எண்ணெய் வயல்கள் கண்டறியப்பட்டபோது வழி பற்றிய வினா புதிய வடிவெடுத்தது. கச்சா எண்ணெயை அசாமிலேயே சுத்திகரித்துப் பொருள்களாக அனுப்புவதா, குழாயில் கச்சாவாகவே பீகாரின் பரௌனிக்குக் கொண்டுசென்று அங்குச் சுத்திகரிப்பதா? பொருளியல் வாதம் பரௌனிக்குச் சாதகமாயிருந்தது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், உலை எண்ணெய் எனப் பல பொருள்களைத் தனித்தனியே நெடுந்தொலைவு அனுப்புவதைவிட, ஒரே கச்சாவை ஒரே குழாயில் சந்தைக்கு அருகே கொண்டுசெல்வது மலிவு. இந்தக் கணக்குப் பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. ஆலை அமையும் இடத்தில்தான் வேலைவாய்ப்பும் துணைத்தொழில்களும் பெருகும் என்பதும், குழாய் ஒருமுறை பதிக்கப்பட்டால் இம்முடிவை மாற்றுவது அரிது என்பதும் அதில் இடம்பெறவில்லை. அசாம் மக்கள் இவ்விடுபாட்டை உடனே உணர்ந்தனர். 1950களின் பிற்பகுதியில் ஆலை கேட்டுப் பெரும் போராட்டம் எழுந்தது.

கிடைத்தது ஓர் ஒத்துத்தீர்வு. குவாஹாட்டியின் நூன்மாட்டியில் ஆண்டுக்கு 7.5 இலட்சம் டன் திறனுடைய சிறிய ஆலை 1962 சனவரி 1 அன்று தொடங்கப்பட்டது. பெரிய ஆலை பரௌனிக்குச் சென்றது. ஆயில் இந்தியா நிறுவனம் பதித்த 1,157 கி.மீ. நீளக் குழாய்வழி 1962இல் குவாஹாட்டியையும் 1964இல் பரௌனியையும் எட்டிற்று.

எரிவாயுவின் கதை வேறு. எண்ணெயுடன் சேர்ந்து மேலெழும் வாயுவை வெளியே கொண்டுசெல்லக் குழாய் இல்லாத நிலையில், அதில் ஒரு பகுதி வயலிலேயே எரித்து வீணாக்கப்பட்டது. எஞ்சியதற்கு உள்ளூர்ப் பயன் தேடவேண்டியதாயிற்று. நாம்ரூப் உர ஆலை அவ்வாறு எழுந்ததே. வெளியேற வழியற்ற வாயு உள்ளூரில் தொழிலைத் தந்ததும், வெளியேற வழி பெற்ற எண்ணெய் பரௌனியில் தொழிலைத் தந்ததும் ஒருங்கே நோக்கத்தக்கவை. வழியின்மை எப்போதும் இழப்பே என்று கொள்வதற்கில்லை.

வழியே ஆயுதமானது

குழாயின் உரிமை ஒருவரிடம் இருந்தாலும், அது கடந்துசெல்லும் நிலத்தில் வாழ்பவர் அதனை நிறுத்த முடியும். 1979இல் தொடங்கிய அசாம் இயக்கம் இதனைக் காட்டிற்று. அயல்நாட்டவர் குடியேற்றமே அவ்வியக்கத்தின் மையச் சிக்கல். ஆயினும் அதன் கையிலிருந்த வலிமையான கருவி எண்ணெய்க் குழாய்தான். 1979 திசம்பரில் தொடங்கிய தடையால் மாநிலத்துக்கு வெளியே கச்சா செல்வது ஓராண்டுக்கும் மேலாக முடங்கிற்று. குருதி கொடுப்போம், எண்ணெய் கொடுக்கமாட்டோம் என்னும் பொருள்பட்ட முழக்கம் அக்காலத்தது. ஈரான் புரட்சிக்குப் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியிருந்த காலமாதலால் நடுவணரசுக்கு இத்தடை இரட்டைச் சுமையாயிற்று.

1985 ஆகத்து 15இல் கையெழுத்தான அசாம் உடன்படிக்கையில் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வாக்குறுதியாக இடம்பெற்றது. 30 இலட்சம் டன் திறனுடன் 2000இல் வணிக உற்பத்தி தொடங்கிய நுமலிகர் ஆலையே அது. 1950களில் பொருளியல் கணக்கால் மறுக்கப்பட்டதன் ஒரு பகுதி, ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப்பின் அரசியல் கணக்கால் கிடைத்தது எனலாம்.

பாலையிலிருந்து கடலுக்கு

பார்மர் நேர்மாறான எடுத்துக்காட்டு. 2004 சனவரியில் தார்ப் பாலைவனத்தில் மங்களா வயல் கண்டறியப்பட்டது. 2009 ஆகத்தில் உற்பத்தி தொடங்கிற்று. இங்குத் தடையாக நின்றது எல்லைக்கோடு அன்று; எண்ணெயின் இயல்பு. மெழுகு மிகுந்த அக்கச்சா, பாலைவனத்தின் இயல்பான வெப்பநிலையிலேயே உறைந்து நின்றுவிடக்கூடியது. எனவே தொடக்கத்தில் டேங்கர் லாரிகளில் குசராத்துக்கு அனுப்பப்பட்டது. 2010இல் சலாயா வரையிலான குழாய்வழி இயங்கத் தொடங்கிற்று. பின்னர்க் கடற்கரையிலுள்ள போகத் வரை நீட்டப்பட்ட அதன் நீளம் ஏறத்தாழ 670 கி.மீ. வெப்பக்காப்பு உறையிட்டு, வழிநெடுக நிலையங்கள் அமைத்து, மின்னாற்றலால் சூடாக்கியவாறே எண்ணெயைச் செலுத்தும் அமைப்பு அது. வழி முழுதும் சூடாக்கப்படும் குழாய்களுள் உலகிலேயே நீளமானது என்று குறிப்பிடப்படுகிறது.

கடலை எட்டியபின் எண்ணெய் அயல்நாட்டுக்குச் சென்றதா? இல்லை. நாடு தன்னிறைவு அடையும்வரை உள்நாட்டுக் கச்சாவை ஏற்றுமதி செய்ய இயலாது என்பது நடுவணரசின் நிலைப்பாடு. தனக்குரிய பங்கை ஏற்றுமதி செய்ய இசைவு கோரிய கெய்ர்ன் இந்தியா நிறுவனத்தின் மனுவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2016 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. குழாயும் துறைமுக முனையமும் இருந்தும் ஏற்றுமதி வழி மூடியே இருந்தது. ஏற்றுமதிப் பாதை என்பதில் சட்டமும் ஓர் உறுப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காசுப்பியன் கடல் வட்டாரம்

மாநில எல்லைகளுக்குப் பதிலாக நாட்டு எல்லைகள் குறுக்கிடும்போது இதே சிக்கல் பன்மடங்காகிறது. 1991க்குப் பின் கசக்சுத்தான், அசர்பைசான், துருக்மெனிசுத்தான் ஆகியவை பெற்ற குழாய்வழிகளுள் பெரும்பாலானவை உருசியா நோக்கியவை. அசர்பைசான், உருசியாவையும் ஈரானையும் தவிர்த்து, சியார்சியா வழியே துருக்கியின் செய்ஹான் துறைமுகத்துக்கு 1,768 கி.மீ. குழாய்வழியைத் தேர்ந்தது. 2006 முதல் அவ்வழியே கப்பலேறும் எண்ணெயில், இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. விதேசும் 2013 முதல் சிறு பங்குடையது.

கசக்சுத்தான் அவ்வாறு விலக இயலவில்லை. அதன் எண்ணெய் ஏற்றுமதியின் பெரும்பகுதி உருசியாவின் நோவரசீசுக் துறைமுகத்தையே சார்ந்துள்ளது. 2022 சூலையில் ஓர் உருசிய நீதிமன்றம் அவ்வழியை 30 நாள் நிறுத்துமாறு ஆணையிட்டு, சில நாள்களில் அது தண்டத்தொகையாகக் குறைக்கப்பட்டது. நிறுத்தம் நடைபெறவில்லை, நடைபெறக்கூடும் என்பது தெரிந்ததே போதுமானதாயிற்று. துருக்மெனிசுத்தானோ 2009 ஏப்பிரலில் உருசியாவுக்கான வாயுக்குழாய் வெடித்து வாணிகம் முறிந்த அதே ஆண்டின் திசம்பரில் சீனாவுக்கான குழாயைத் திறந்தது. ஒரே வாங்குநரிடமிருந்து மீண்டு மற்றொரு பெரிய வாங்குநரைச் சார்ந்த நிலை அது. வழி மாறிற்று, வழியின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை.

திசை மாறும் குழாய்கள்

அசாமுக்கும் பார்மருக்கும் அண்மைக்காலத்தில் நேர்ந்துள்ள மாற்றம், வெளியேறும் வழி பற்றிய ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. வட்டாரத்தில் கிடைக்கும் கச்சாவைவிட அசாமின் நான்கு ஆலைகளின் திறன் மிகுதி. ஆதலால் பரௌனிக்கு எண்ணெய் கொண்டுசென்ற அதே குழாயின் பரௌனி–பொங்கைகாவ்ன் பகுதி திசை திருப்பப்பட்டு, கடல்வழி வரும் அயல்நாட்டுக் கச்சாவை அசாமுக்குக் கொண்டுவருகிறது. நுமலிகர் ஆலையின் திறனை 30 இலட்சம் டன்னிலிருந்து 90 இலட்சம் டன்னாக உயர்த்தும் திட்டத்துக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்குரிய கச்சா, ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து 1,600 கி.மீ.க்கும் மேற்பட்ட குழாயில் வரவேண்டியது. பார்மர் மாவட்டத்தை ஒட்டிய பச்பத்ராவில் எழும் 90 இலட்சம் டன் ஆலையிலும் உள்ளூர்க் கச்சா 15 இலட்சம் டன் அளவே. எஞ்சிய 75 இலட்சம் டன் முந்த்ரா துறைமுகம் வழியே இறக்குமதி என்பது திட்டம்.

வயல் வற்றும், ஆலையும் குழாயும் நிலைக்கும். அதனால்தான் 1950களில் அசாம் மக்கள் எண்ணெயின் விலையைக் காட்டிலும் ஆலையின் இடத்துக்காகப் போராடியது, அக்காலக் கணக்காளர் எண்ணியதைவிட அறிவார்ந்ததாக இன்று தோன்றுகிறது. நுமலிகரின் டீசல் இப்போது சிலிகுரியிலிருந்து வங்காளதேசத்தின் பார்வதிபூருக்கு, 2023 மார்ச்சு 18இல் திறக்கப்பட்ட 131.5 கி.மீ. குழாயில் செல்கிறது. 1947இல் எந்த எல்லை அசாமைக் கடலிலிருந்து பிரித்ததோ, அந்த எல்லையைக் கடந்து செல்லும் இந்தக் குழாயில் பாய்வது கச்சா அன்று. அசாமிலேயே சுத்திகரிக்கப்பட்ட பொருள்.