சூத்தைப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

“டொக்டர், இதைப் பிடுங்கிவிடுங்கோ.” என்னிடம் வரும் பலர் கதிரையில் இருந்ததுமே சொல்வது இதுதான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வேறு வைத்தியம் கிடைக்காததால் வந்த பழக்கம் அது.

சூத்தை ஆழமாக இருந்தாலும், உள்ளே நரம்பு உயிரோடு இருந்தால் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றலாம். முன்பு சூத்தை முழுவதையும் தோண்டி எடுப்போம். சிலவேளை நரம்பே வெளிப்பட்டுவிடும். இப்போது ஓரங்களை நன்றாகச் சுத்தம் செய்து, நரம்பை ஒட்டிய மென்மையான பகுதியைச் சிறிது விட்டு, இறுக்கமாக அடைக்கிறோம். உணவு கிடைக்காத கிருமிகள் அடங்கிவிடும்.

ஓசோன் வாயு பற்றியும் கேட்கிறார்கள். அது கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் சூத்தையை நிறுத்தும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என 2004 இல் கொக்ரேன் மதிப்பாய்வு கூறியது. 2005 இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனமும் ஆய்வுகளுக்கு வெளியே அதைப் பரிந்துரைக்கவில்லை. அதற்காகக் கடன்படாதீர்கள்.

குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி உடனே நின்றால், நரம்பு பெரும்பாலும் தப்பியிருக்கிறது. இரவில் தானாகவே வலித்தால் அது கெட்டிருக்கலாம். முகம் வீங்கினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கூசும்போதே வாருங்கள், பல் மிஞ்சும்.