குடியியற் கல்வி: தோட்டத்தில் வாழ்வோர் அரச சேவைகளையும் அவசர உதவியையும் பெறும் வழிகள்

மாணவர்களே, பிரதேச செயலகத்தின் பணிகள் எவை என்று கேட்டால் நீங்கள் ஐந்தாறு விடயங்களை மனனஞ் செய்து எழுதிவிடுவீர்கள். ஆனால் உங்கள் லயன் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவைச் சேர்ந்தது என்று கேட்டால் பலர் தோட்டத்தின் பெயரையே சொல்வர். தோட்டம் என்பது அரச நிர்வாக அலகு அன்று. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இப்பாடப்பகுதி இலகுவாகும். வீட்டுக்கு ஓர் ஆபத்து வரும்போது எங்கே போவது என்பதும் தெரியவரும்.

1. இக்குழப்பம் ஏற்பட்டது ஏன்?

நீண்டகாலமாகத் தோட்ட மக்களுக்கு வீடு, மருந்து, பிள்ளைமடுவம் ஆகிய யாவும் தோட்ட நிர்வாகத்தின் ஊடாகவே கிடைத்தன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அப்பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்துடனேயே பெருமளவு தீர்ந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018 ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பிரதேச சபைகள் தோட்டங்களிலும் பணியாற்ற வழி பிறந்தது. எனவே எதற்கும் 'ஆபீசுக்கு'ப் போகும் வழக்கம் இன்னும் மாறவில்லை. தோட்ட முகாமையாளர் தொழில் வழங்குநரின் பிரதிநிதியே ஆவார். அவர் அரசின் பிரதிநிதி அல்லர்.

2. நிர்வாகப் படிமுறை

(அ) கிராம உத்தியோகத்தர்: அடிமட்ட அரச அலுவலர். வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் பதிவு, அனர்த்தப் பாதிப்பை அறிக்கையிடல் என்பன இவரது பணிகளுட் சில. ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரும் இலக்கமும் உண்டு.

(ஆ) பிரதேச செயலகம்: 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தின்படி செயற்படுவது. கேகாலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உள்ளன. தோட்டங்கள் மிகுந்த தெரணியகலை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்பன அவற்றுள் அடங்கும். இரத்தினபுரி மாவட்டத்தில் பலாங்கொடை, கஹவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை முதலியவற்றைக் குறிப்பிடலாம்.

(இ) மாவட்டச் செயலகம் (கச்சேரி): பிரதேச செயலகங்களை இணைப்பது. மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் இம்மட்டத்திலேயே இயங்குகிறது.

கவனிக்க: பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. முன்னையது அரச அலுவலர்களைக் கொண்டது. பின்னையது மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் உள்ளூராட்சி மன்றம். வீதி, வடிகான், குப்பை அகற்றல் போன்றவற்றுக்குப் பிரதேச சபையை நாட வேண்டும்.

3. எந்தத் தேவைக்கு யாரை நாடுவது?

• வறுமை நிவாரணம்: 2023 முதல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.
• முதியோர், விசேட தேவையுடையோர்: பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்.
• பாடசாலையிலிருந்து இடைவிலகிய அல்லது துன்புறுத்தப்படும் சிறுவர்: சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்.
• கர்ப்பிணித் தாய், குழந்தை: குடும்ப நல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை.
• தேசிய அடையாள அட்டை: பாடசாலை மாணவர் அதிபர் ஊடாக விண்ணப்பிக்கலாம்.

4. அவசரத் தொலைபேசி இலக்கங்கள்

119 – பொலிஸ்
1990 – 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் (கட்டணம் இல்லை)
117 – அனர்த்த முகாமைத்துவ நிலையம்
1929 – சிறுவர் உதவி
1938 – மகளிர் உதவி

சுவசெரிய சேவை 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மாத்திரம் சொன்னால் வண்டி வழி தவறலாம். டிவிஷன், அண்மித்த நகரம், பிரதான வீதியிலிருந்து திரும்பும் சந்தி என்பவற்றையும் சொல்லுதல் வேண்டும். லயன் வரை வண்டி வர முடியாதெனில் நோயாளியை எந்த இடம் வரை கொண்டு வருவீர்கள் என்பதையும் கூறுக.

5. மண்சரிவு: எமது மாகாணத்தின் அனுபவம்

2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் பெருவெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்டது. 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயன் வீடுகள் மண்ணில் புதையுண்டன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று கட்டங்களாக வெளியிடுகிறது.

மஞ்சள் – அவதானமாக இருத்தல்
செம்மஞ்சள் – வெளியேற ஆயத்தமாதல்
சிவப்பு – உடனே வெளியேறல்

எச்சரிக்கை வராவிட்டாலும் அடையாளங்கள் உண்டு. சரிவிலும் சுவரிலும் வெடிப்புத் தோன்றுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் என்பன அவற்றுட் சில. இவற்றைக் கண்டால் முதலில் இடம்பெயர்க, பின்னரே அறிவிக்க.

மழை ஓய்ந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் பாதிப்பைப் பதிவு செய்தல் முக்கியமாகும். உலருணவும் நட்டஈடும் அவரது அறிக்கையின் வழியே பிரதேச செயலகத்துக்குப் போகின்றன. 'ஆபீசில் சொல்லிவிட்டோம்' என்று இருந்துவிடும் குடும்பத்தின் பெயர் அரச பட்டியலில் இல்லாமற் போகலாம். ஆயினும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்தல் வேண்டும். காணி பெரும்பாலும் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், மாற்று இடம் வழங்க அதன் இணக்கமும் தேவைப்படும். ஆகவே இரு வாசல்களையும் தட்ட வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

6. மொழி ஒரு தடையன்று

சப்ரகமுவ மாகாணத்தின் நிர்வாக மொழி சிங்களமாயினும், அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி நீங்கள் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துண்டு. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். திகதியிட்டு, பிரதியொன்றில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு மறக்கப்படலாம், கடிதத்துக்குப் பதில் கேட்க முடியும்.

மாதிரி வினா

கனமழையின்போது உமது லயனுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் வெடிப்புத் தோன்றியுள்ளது. நீர் எடுக்கும் நடவடிக்கைகள் நான்கினை ஒழுங்குமுறையாகத் தருக.

விடை:
1. அயலவருக்கும் அறிவித்து, அனைவருடனும் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லல்.
2. 117 அல்லது 119 இற்கு அழைத்து இடத்தைத் தெளிவாகக் கூறல்.
3. கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவித்தல்.
4. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோரிப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்தல்.

செயற்பாடு: உமது கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களையும், மேலேயுள்ள ஐந்து தொலைபேசி இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டுக. பரீட்சை முடிந்த பின்னரும் அத்தாள் அங்கேயே இருக்கட்டும்.